ராஹத் அண்ணன் ஆன கதை: மொழிபெயர்ப்பு நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் வாணியம்பாடிக்காரி. வீட்டில் பேசுவது உருது, பள்ளியில் படித்தது தமிழ். உருது எழுத்தைப் பெரியவளான பிறகுதான் கற்றுக்கொண்டேன். இன்னமும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறேன், ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைப் பண்டிதை என்று நினைத்து ஏமாறக் கூடாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு கட்டுக் காகிதம் அனுப்பினார். பெயர் சொல்ல மாட்டேன், மனிதர் நல்லவர்தான். உருதுப் பெண் எழுத்தாளர்களின் கதைகள், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. "ஆள் பேரு, சாப்பாட்டுப் பேரு எல்லாம் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக் குடுங்கம்மா, போதும்" என்றார். மட்டும், போதும் என்ற அந்த இரண்டு சொல்லிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

கட்டில் இஸ்மத் சுக்தாயின் 'சௌத்தி கா ஜோடா' இருந்தது. கல்யாணமாகி நாலாம் நாள் பெண் உடுத்துகிற புதுத்துணிக்கு அந்தப் பெயர். தகப்பன் இல்லாத வீடு. அம்மா துணி வெட்டுவதில் ஊரறிந்த கெட்டிக்காரி. எவ்வளவு குறைவாகத் துணி கொடுத்தாலும் கோணல் எடுத்து, கஞ்சியை நீவி உடைத்து, இப்படியும் அப்படியும் மடித்துப் பார்த்து ஒரு வழி பண்ணிவிடுவாள். மூத்த மகள் குப்ராவுக்கு மாப்பிள்ளை வரவில்லை. ஒருநாள் மாமா மகன் ராஹத் போலீஸ் பயிற்சிக்காக அந்த ஊருக்கு வருகிறான், இவர்கள் வீட்டில் தங்குகிறான். அம்மா இருக்கிற நகைநட்டை விற்று அவனுக்குப் பராட்டாவும் கோஃப்தாவுமாகப் போடுகிறாள். அவன் தின்கிறான். தின்றுவிட்டு, வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகிக் கிளம்பிப் போகிறான். குப்ரா காசநோயில் போய்ச் சேருகிறாள். கடைசியில் அம்மா அதே இடத்தில் உட்கார்ந்து துணி வெட்டுகிறாள். இந்தமுறை கஃபன், பிணத்துக்குப் போர்த்தும் துணி.

தமிழ் வாசகருக்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் புரிய வேண்டிய கதை இது. வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், மாமா மகன் வந்து தங்குகிறான். இதற்கு மேல் நம் ஊரில் யாருக்கு என்ன சொல்ல வேண்டும்? அந்த அம்மா ஏன் நெய்யை இரண்டு கரண்டி கூடுதலாக விடுகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் என் கையில் இருந்த தமிழில் ராஹத் 'ஒன்றுவிட்ட அண்ணன்' ஆகியிருந்தான்.

ஆங்கிலத்தில் கசின் என்று ஒரே சொல். மாமா மகனும் அதுதான், சித்தப்பா மகளும் அதுதான். மொழிபெயர்த்தவர் மேல் தப்பில்லை, அவர் கையில் இருந்தது அந்தச் சொல் மட்டும்தான். விளைவைப் பாருங்கள். அண்ணனுக்குத் தங்கையைக் கட்டிவைக்க ஒரு தாய் நகையை விற்கிறாள். படிக்கிறவர் என்ன நினைப்பார்? முஸ்லிம் வீடுகளில் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்புவார். தன் அத்தை வீட்டிலும் பெரியம்மா வீட்டிலும் நடந்த ஒரு கதையைப் படிக்கிறோம் என்றே அவருக்குத் தெரியாமல் போகும். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

இதே கட்டில் காலா, பூஃபி, முமானி, சச்சி எல்லோரும் அத்தை. காலா என்றால் அம்மாவின் அக்கா தங்கை, அதாவது பெரியம்மா, சின்னம்மா. பூஃபி அப்பாவுடன் பிறந்தவள், அவள்தான் அத்தை. முமானி மாமி, சச்சி சித்தி. உறவுக்கு உறவு தனிச்சொல் வைத்திருக்கும் இரண்டு மொழிகள் எதிரெதிர் வீட்டில் இருக்கின்றன. நடுவில் ஒரு மொழி வந்து எல்லாக் கதவையும் ஒரே சாவியால் பூட்டிவிட்டது. இஸ்மத் எழுதிய 'பிச்சூ பூஃபி'யில் பூஃபி தன் தம்பியைத் தெருவே கேட்கச் சபித்துக்கொண்டே இருப்பாள். அவள் தேள் அத்தை. அவளைத் தேள் சித்தி என்று போட்டுப் பாருங்கள், கதை செத்துவிடும். கூடப் பிறந்தவனைத் திட்டும் உரிமை சித்திக்கு இல்லை.

சரி, ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உறவுமுறை முழுக்கப் பொருந்திவிடாது. எங்கள் வீடுகளில் காலா மகனையும் கட்டலாம். உங்களில் பலருக்குச் சின்னம்மா மகன் அண்ணன்தம்பி. அங்கே தமிழ் வாசகர் தடுக்கித்தான் விழுவார். ஆனால் அந்தத் தடுக்கல் உண்மையானது, அதற்கு ஒரு வரி அடிக்குறிப்பு போதும். இல்லாத இடத்தில் தடுக்கிவிடுவதுதான் பாவம்.

நான் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு என் காலாவிடம் போனேன். உருது மீடியம் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். உருது மூலத்தை ஒரு கையிலும் தமிழை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்தாள். அறுபது பக்கத்துக்கு மேல் பென்சிலால் திருத்தம். அதில் பாதியைத்தான் ஏற்றுக்கொண்டார்கள். ராஹத்தை மாமா மகனாக்கிவிட்டார்கள், அதற்கு நன்றி. புத்தகம் வந்தபோது நன்றிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'உருதுச் சொற்களில் உதவிய வாணியம்பாடிப் பெண்மணிக்கும்.'

காலா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "ரஷீதுன்னிஸாவுக்காவது புள்ள பேரப் போட்டாங்க" என்றாள்.

அந்த ரஷீதுன்னிஸா யார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பாட்னாவைச் சேர்ந்தவர். 1881-இல் 'இஸ்லாஹுன்னிஸா' என்று ஒரு நாவல் எழுதினார். உருதுவில் ஒரு பெண் எழுதிய முதல் நாவல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அச்சில் வர 1894 ஆனது. அட்டையில் அவர் பெயர் இல்லை. பாரிஸ்டர் சுலைமானின் தாயார், இன்னாரின் மகள், இன்னாரின் சகோதரி என்று போட்டிருந்தார்கள். மகன் படித்துத் திரும்பி வந்து அச்சிட்டதால் அந்த அளவுக்காவது வந்தது. அடுத்து வந்தவர்களும் அப்படித்தான். நாவலாசிரியர் குர்ரதுல்ஐன் ஹைதரின் தாயார் நஸர் சஜ்ஜாத் ஹைதர் கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது 'பின்த்-எ-நஸ்ருல் பாகர்' என்ற பெயரில், அதாவது நஸ்ருல் பாகரின் மகள். அலிகர் பக்கத்துக் கவிஞர் ஸாஹிதா காத்தூன் ஷெர்வானி வெறும் முதலெழுத்துகளில் எழுதினார், ஸே கே ஷீன் என்று. இருபத்தேழு வயதில், 1922-இல் இறந்துபோனார்.

1898-இல் லாகூரில் 'தஹ்ஸீப்-எ-நிஸ்வான்' என்ற பெண்கள் வார இதழ் தொடங்கியது. ஆசிரியர் முஹம்மதி பேகம், உடன் நின்றவர் கணவர் சையத் மும்தாஸ் அலி. அந்தப் பத்திரிகையை அனுப்பினால் சில வீடுகளிலிருந்து ஆபாசம் கிறுக்கித் திருப்பி அனுப்புவார்களாம். அதையும் தாங்கிக்கொண்டு நடத்தினார், அதற்கிடையே சமையல் புத்தகமும் நாவலும் எழுதினார். முப்பது வயதில், 1908-இல் போய்விட்டார். பத்திரிகை அவருக்குப் பிறகும் நாற்பது வருடம் வந்தது. இந்தப் பெண்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஆனால் இது வரலாற்றுப் பாடம் இல்லை, உங்களுக்கு எழுதும் மடல். விஷயத்துக்கு வருகிறேன்.

உருதுச் சிறுகதைக்காரர் மண்டோ தமிழில் எந்தப் புத்தகக் கண்காட்சியிலும் கிடைக்கிறார். மகிழ்ச்சி. 1940களின் நடுவில் லாகூர் நீதிமன்றத்தில் 'பூ' (உருதுவில் வாடை என்று பொருள்) கதைக்காக மண்டோவும் 'லிஹாஃப்' (ரஜாய்ப் போர்வை) கதைக்காக இஸ்மத்தும் ஒரே சமயத்தில் ஆபாச வழக்கில் நின்றார்கள். கதையில் எந்தச் சொல் ஆபாசம் என்று கேட்டால் சாட்சிக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் 'ஆஷிக்', அதாவது காதலன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு திணறினார். வழக்கு நிற்கவில்லை. இரண்டு பேரும் ஊரைச் சுற்றிப் பார்த்துச் செருப்பு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஒரே குற்றச்சாட்டு, ஒரே கூண்டு. தமிழில் ஒருவருக்கு ஒரு அலமாரி, இன்னொருவருக்கு அங்கொன்று இங்கொன்று. இத்தனைக்கும் மண்டோவைவிடத் தமிழுக்கு நெருக்கமானவர் இஸ்மத் என்பேன். காரணம் அவருடைய மொழி. அது டில்லி, லக்னோ, ஆக்ரா வீடுகளின் உள்கட்டில் பெண்கள் பேசிய உருது. பேகமாத்தி ஸுபான் என்பார்கள். கவிதை அரங்கில் கேட்கிற உருது இல்லை, அடுப்படியில் கேட்பது. அதில் 'முஆ' என்று ஒரு வசவு வந்துகொண்டே இருக்கும். நேர்ப்பொருள் செத்தவன். வேலைக்காரன் முஆ, ஒழுகுகிற குடம் முஆ, வராத மழையும் முஆ. ஆங்கிலத்தில் அதற்கு ஒரு மரியாதையான சொல்லைப் போடுகிறார்கள், அங்கிருந்து தமிழுக்கு வரும்போது 'மோசமான' ஆகிவிடுகிறது. மோசமான குடம்! கட்டையில போறவன், பாழாப்போனவன், நாசமாப்போன என்று நம் பாட்டிகள் வாரி இறைத்த மொழியில் இதற்கா பஞ்சம்?

கவிதைக்கும் இதே கதிதான். பாகிஸ்தானில் 1977-க்குப் பிறகு ஜெனரல் ஸியாவின் ஆட்சியில் 'சாதர் அவுர் சார்தீவாரி', அதாவது முக்காடும் நாலு சுவரும் என்பது பெண்களுக்கான அரசாங்க முழக்கமாக ஆனது. 1979-இல் ஹுதூத் என்ற இஸ்லாமியத் தண்டனைச் சட்டங்கள். அடுத்து, சில வழக்குகளில் இரண்டு பெண்களின் சாட்சி ஓர் ஆணின் சாட்சிக்குச் சமம் என்று சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். 1983 பிப்ரவரி 12 அன்று லாகூரில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், அடி வாங்கினார்கள். ஃபஹ்மீதா ரியாஸ் அந்த முழக்கத்தையே தலைப்பாக வைத்து ஒரு கவிதை எழுதினார். நீங்கள் தரும் இந்தக் கறுப்பு முக்காடு எனக்கு எதற்கு, உங்கள் அறையில் அழுகிக் கிடக்கும் பிணத்தை மூட வைத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி. வழக்குகள் தலைக்குமேல் ஏறியதும் இந்தியாவுக்கு வந்து டில்லியில் ஏழு வருடம் இருந்தார்.

கிஷ்வர் நாஹீத் எழுதியது 'ஹம் குனஹ்கார் ஔரதேன்'. பாவம் செய்த பெண்கள் நாங்கள், ஜுப்பாக்காரர்களின் பகட்டுக்கு மிரளாதவர்கள், உயிரை விலைபேசாதவர்கள், தலை குனியாதவர்கள் என்று போகும். பாவிகள் என்று நீங்கள் சொல்கிறீர்களா, சரி, பாவிகள்தான் என்று நிமிர்ந்து நிற்கிற கவிதை. இதை ஒரு மேடையில் ஒரு தங்கை தமிழில் வாசித்தாள். 'நாங்கள் பாவப்பட்ட பெண்கள்' என்று ஆரம்பித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவப்பட்ட என்றால் ஐயோ பாவம் என்றல்லவா பொருள்? கவிதை எதை எதிர்த்து எழுந்து நிற்கிறதோ, அதன் காலிலேயே போய் விழுந்துவிட்டது. அடுத்த வரியில் 'கவுன் அணிந்தவர்கள்' வந்தார்கள். கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மூலத்தில் இருப்பது ஜுப்பா. மௌலவிகள் போடுகிற நீள அங்கி. தமிழ்நாட்டில் பள்ளிவாசல் இருக்கிற எந்தத் தெருவிலும் அந்தச் சொல் தெரியும். ஆங்கிலத்தில் அது கவுன் ஆகி, தமிழில் சின்னப் பிள்ளைகள் போடும் கவுனாகவே நின்றுவிட்டது.

அந்தத் தங்கையைக் குறை சொல்லவில்லை. அவளுக்குக் கிடைத்தது ஆங்கிலம். அந்த ஆங்கிலமும் சும்மா வந்துவிடவில்லை. லண்டனில் வாழ்ந்த ருக்ஸானா அஹ்மத் அந்தக் கவிஞர்களைத் தேடித் தொகுத்து மொழிபெயர்த்துக் கொண்டுவந்திருக்காவிட்டால் கிஷ்வரையும் ஃபஹ்மீதாவையும் ஸாரா ஷகுஃப்தாவையும் உலகத்தில் பாதிப்பேருக்குத் தெரிந்திருக்காது. அவர் தன் ஊரைவிட்டு வந்த இடத்தில், உருது படிக்கத் தெரியாமல் வளர்கிற ஒரு தலைமுறைக்காக அதைச் செய்தார். அவர்களுக்கு அது தேவை. நமக்கு அது ஒரு ஜன்னல். ஆனால் வாசல் திறந்திருக்கும்போது ஏன் ஜன்னல் வழியாக ஏற வேண்டும்?

வெளிநாட்டில் இருக்கும் உருதுப் பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் பெரியம்மா மகள் டொரன்டோவில் இருக்கிறாள். அங்கே முஷாயிரா, அதாவது உருதுக் கவியரங்கம் நடக்கிறது, அரங்கம் நிறைகிறது. வாஹ் வாஹ் சொல்கிறவர்களின் பிள்ளைகள் பின் வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் புரிகிறது, படிக்கத் தெரியாது. மேடையில் பாடுகிற பெண் கவிஞரின் குரலையும் சேலையையும் பற்றிப் பேசுவார்கள், கவிதையை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று இடைவேளையில் கிசுகிசுப்பார்கள். இதையெல்லாம் தாண்டித்தான் அவர்கள் எழுதுகிறார்கள். கராச்சியில் பிறந்த இஷ்ரத் ஆஃப்ரீன் ஹூஸ்டனுக்குப் போய் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் உருது சொல்லிக்கொடுத்தார். வசன கவிதையில் பெரிய பெயரான அஸ்ரா அப்பாஸும் கராச்சியைவிட்டு பிரிட்டனுக்குப் போனார். இவர்கள் உருதுவில் எழுதுவது உருதுவில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் வருவது பத்தில் ஒன்று. அந்த ஒன்றிலும் மேற்கத்திய வாசகருக்கு எது வேண்டுமோ அது முதலில் வரும். பர்தா வரும், தலாக் வரும். உங்கள் கைக்கு வருவது அந்தத் தேர்வு. நீங்கள் தேர்ந்தெடுத்தது இல்லை.

அதனால்தான் தமிழில் உருதுப் பெண் எழுத்து என்றாலே அழுகிற பெண்ணின் படம் போட்ட அட்டை. கதீஜா மஸ்தூரின் 'ஆங்கன்' 1962-இல் வந்தது. ஒரே வீட்டு முற்றத்தில் காங்கிரஸ்காரப் பெரியப்பா ஒரு பக்கம், முஸ்லிம் லீக் கோஷம் போடும் பெண் ஒரு பக்கம், நடுவில் உலை வைக்க அரிசி இல்லை. நம் ஊரில் ஒரே வீட்டில் இரண்டு கட்சிக்கொடி பறந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அது வேறு எந்த நாட்டுக் கதையும் இல்லை. பானோ குத்ஸியாவின் 'ராஜா கித்' 1981-இல் வந்தது, இன்றுவரை விற்கிறது. அவர் பெண்ணியவாதிகளுக்குப் பிடித்தமானவர் இல்லை, மரபு பேசுகிறவர், எனக்கும் அவரோடு சண்டை உண்டு. இருக்கட்டுமே. ஒரு மொழியின் பெண்கள் எல்லோரும் ஒரே கருத்தோடு இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அப்புறம், கராச்சியின் பெண்கள் மாத இதழ்களில் தொடராக வந்து டிவி நாடகமான நாவல்கள் இருக்கின்றன. உமேரா அஹ்மத், ஃபர்ஹத் இஷ்தியாக். வாடகை நூலகத்தில் ரமணிசந்திரன் பறந்த மாதிரி பறப்பவை. 'ஹம்ஸஃபர்' நாடகத்துக்காக வாணியம்பாடியில் என் சின்னம்மாக்கள் சோறு வடிக்க மறந்திருக்கிறார்கள். அதை நீங்கள் போட வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டுப் பெண்கள் உண்மையில் எதைப் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டாவது தேர்வு செய்யலாம்.

குர்ரதுல்ஐன் ஹைதர் விஷயத்தில் ஆபத்து இன்னும் பெரியது. 'ஆக் கா தரியா' 1959-இல் வந்தது. மௌரியர் காலத்தில் தொடங்கி நாட்டுப் பிரிவினைக்குப் பிறகுவரை கௌதம், சம்பா, கமால், ஹரிசங்கர் என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்பப் பிறந்து வருவார்கள். பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தான், அங்கிருந்து இங்கிலாந்து, 1960களின் தொடக்கத்தில் மீண்டும் இந்தியா என்று அலைந்தவர் அவர். எது சொந்த ஊர், எது வெளியூர் என்று அவரைவிட யார் யோசித்திருப்பார்கள்? நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாக சௌரியின் மொழிபெயர்ப்பில் 'அக்னி நதி' என்று தமிழில் அது வந்திருக்கிறது, நம் அதிர்ஷ்டம். ஆனால் 1998-இல் ஹைதரே அந்த நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். அது மொழிபெயர்ப்பு என்று சொல்ல முடியாத அளவுக்கு மாற்றினார், வெட்டினார், சேர்த்தார். அவர் நாவல், அவர் உரிமை. நாளைக்கு உங்களில் ஒருவர் புதுப் பதிப்பு கொண்டுவரலாம் என்று அந்த ஆங்கிலத்தை எடுத்தால், தமிழில் வருவது வேறொரு புத்தகம். ஞானபீடம் பெற்றவருக்கே இந்த நிலைமை. 2023-இல் 'ராஜ்தேவ் கீ அம்ராயி' நாவலுக்காக ஸாதிகா நவாப் ஸஹருக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அது தமிழுக்கு வரும்போது எந்த மொழி வழியாக வரும் என்று இப்போதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

உருது தெரிந்தவர்கள் கிடைப்பதில்லை என்று நீங்கள் சொல்வீர்கள், சொல்லியும் இருக்கிறீர்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் உருதுவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 12 லட்சத்துக்கு மேல். ஆம்பூர், பேரணாம்பட்டு, ஆற்காடு, மேல்விஷாரம், வேலூர், திருவல்லிக்கேணி எல்லா இடத்திலும் இருக்கிறோம். தோல் ஷாப்பிலும் பிரியாணிக் கடையிலும் எங்களைப் பார்த்திருப்பீர்கள், புத்தகத்தோடு பார்த்ததில்லை, அவ்வளவுதான். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீக, உருதுத் துறை இருக்கிறது. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் தமிழ் கட்டாயம் படிக்கிறார்கள். அதில் எங்களுக்கு மனக்குறைகள் உண்டு, உருது படிக்கும் வாய்ப்பு சுருங்குகிறது என்ற பயமும் உண்டு, அதை வேறு இடத்தில் பேசுகிறேன். ஆனால் அதனாலேயே வீட்டில் உருதும் ஏட்டில் தமிழுமாக ஒரு தலைமுறை வளர்ந்து நிற்கிறது. இந்த இரண்டு கையும் வேறு எந்த மாநிலத்தில் இருக்கிறது?

எங்கள் உருது சுத்தம் இல்லை என்று வடக்கே கேலி செய்வார்கள். உண்மைதான். நாங்கள் பேசுவது தக்னி. வேண்டாம் என்பதற்கு நக்கோ என்போம், ஆமாம் என்பதற்கு ஹௌ, ஏன் என்பதற்கு கைக்கு. டில்லிக்காரர் முன்னால் வாய் திறக்கக் கூசும். ஆனால் ஹைதராபாத் பெண்கள் எழுதியதைக் கொண்டுவரும்போது இதுவே சொத்து. வாஜிதா தபஸ்ஸும் எழுதிய 'உத்ரன்' கதையில் நவாப் வீட்டுப் பெண் ஷெஹ்ஸாதி பாஷா உடுத்திக் கழித்த துணியையே காலமெல்லாம் உடுத்தி வளர்கிறாள் வேலைக்காரி மகள் சம்கி. பாஷாவின் கல்யாணத்துக்கு முந்தின இரவு மாப்பிள்ளையோடு இருந்துவிட்டு வந்து, இனி வாழ்நாள் முழுக்க நான் உடுத்திக் கழித்ததை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். மீரா நாயர் இதை வைத்துப் படம் எடுத்தார். படம் பார்த்தவர்களுக்கு உடம்பு ஞாபகம் இருக்கும். கதையைப் படித்தவர்களுக்கு அந்த ஹைதராபாத் பேச்சு ஞாபகம் இருக்கும். வேலைக்காரி எஜமானியை அழைக்கிற அந்த 'பாஷா'வில் எவ்வளவு பணிவு, எவ்வளவு விஷம் என்று என் காலாவுக்கு அகராதி இல்லாமல் தெரியும். கழித்துப் போட்ட துணியை உடுத்தி வளர்ந்த பிள்ளைகள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அந்தத் துணிக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்றும் அவளுக்குத் தெரியும். தெலங்கானா கிராமங்களையும் ஹைதராபாத் ஹவேலிகளையும் எழுதிய ஜீலானி பானுவுக்கும் இதையே சொல்வேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உருதுக் கதை ஒன்றை முடிவு செய்தால் முதலில் உருதுப் பிரதியை வாங்குங்கள், ஆங்கிலத்தை அப்புறம் பாருங்கள். எங்கள் ஊர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருக்கிறார்கள், கல்லூரி முடித்து வீட்டில் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியையும் உங்களிடம் இருக்கும் நல்ல தமிழ் ஆசிரியர் ஒருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். அவள் எழுதும் தமிழ் முதலில் கரடுமுரடாக இருக்கும். 'ஒன்றுவிட்ட அண்ணன்' அளவுக்குப் பிழையாக இருக்காது. காசு கொடுங்கள். "ஆர்வத்துக்குப் பண்றாங்க" என்று சொல்லாதீர்கள், ஆர்வத்துக்கு ஆட்டோக்காரர் வரமாட்டார். பெயரை அட்டையில் போடுங்கள். வாணியம்பாடிப் பெண்மணிக்கும் என்று போடுவதற்கு 130 வருடத்துக்கு முன்னாலேயே பாட்னாவில் ஆள் இருந்தார்கள்.

பதிப்புரிமைக்கு அலைய வேண்டுமே என்றால் ரஷீத் ஜஹானிலிருந்து தொடங்குங்கள். டாக்டர், பெண்களுக்கு மருத்துவம் பார்த்தவர், கம்யூனிஸ்ட். 1932 டிசம்பரில் லக்னோவில் நான்கு பேர் சேர்ந்து வெளியிட்ட 'அங்காரே' தொகுப்பில் அவர் மட்டும்தான் பெண். புத்தகம் மூன்றே மாதத்தில் தடை செய்யப்பட்டது. மூக்கை அறுப்போம் என்று மிரட்டினார்கள். அங்காரேவாலி, அதாவது அங்காரேக்காரி என்றே பெயர் ஆகிவிட்டது. தானும் எழுதலாம் என்ற தைரியம் இவரைப் பார்த்துத்தான் வந்தது என்று இஸ்மத் சொல்லியிருக்கிறார். ரஷீத் ஜஹான் மாஸ்கோவில் 1952-இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி 60 வருடம் 2012-ஓடு முடிந்துவிட்டது. யாரையும் கேட்க வேண்டாம்.

அந்தத் தொகுப்பில் அவர் எழுதிய 'தில்லி கீ ஸைர்' மூன்று பக்கம்கூட இருக்காது. ஃபரீதாபாதிலிருந்து புருஷனோடு ரயிலேறி டில்லி பார்க்க வருகிறாள் ஒருத்தி. ஸ்டேஷனில் மூட்டை முடிச்சின் மேல் அவளை உட்கார வைத்துவிட்டு அவன் தெரிந்தவரைப் பார்த்ததும் போய்விடுகிறான். மணிக்கணக்காக அவள் புர்காவுக்குள் உட்கார்ந்து வருகிறவன் போகிறவன் பார்வையைப் பார்க்கிறாள். அவன் திரும்பி வந்து, பசிக்கிறதா, பூரி வாங்கட்டுமா, நான் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டேன் என்கிறான். என்னை வீட்டில் கொண்டுபோய் விடு, உன் டில்லி எனக்குப் போதும் என்கிறாள். ஊருக்கு வந்து அக்கம்பக்கத்துப் பெண்களிடம் இதைச் சொல்வதுதான் கதை.

காலா இதைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். ஒரு நாற்பது பக்க நோட்டில், பென்சிலில், அடித்து அடித்து. தலைப்பு மட்டும் இன்னும் முடிவாகவில்லை. 'டில்லி உலா' என்று நான் சொன்னேன், உலா போக அவள் என்ன ராஜாவா என்று கேட்டாள். 'டில்லி சுத்திப் பார்த்தது' என்று வைத்திருக்கிறாள் இப்போதைக்கு. அவளிடம் இமெயில் கிடையாது, நோட்டைத் தபாலில் அனுப்பவும் மாட்டாள். சென்னையிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம்தான், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சாப்பாடு எங்கள் வீட்டில். அட்டையில் அவள் பெயரை உருதுவில் போடச் சொல்லவா, தமிழில் போடச் சொல்லவா என்று அவளிடம் கேட்டுப் பார்த்தேன். இரண்டிலும் என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உருது ஆசிரியை ஒருவரின் அக்கா மகள்,
வாணியம்பாடி